எண்ணெய் கரையைத் தொடும் முன்பே தொடங்க வேண்டிய கணக்கு

எண்ணெய்க் கசிவுக்குப் பின் இயற்கை வளச் சேதத்தை மதிப்பிடும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கும், அதற்கான விதிகளை எழுதும் குழுக்களுக்கும்,

வணக்கம்.

கசிவு நேர்ந்த முதல் வாரத்தில் வரும் அறிவிப்புகள் எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இத்தனை டன் எண்ணெய் அள்ளப்பட்டது, இத்தனை பேர் களத்தில் இருக்கிறார்கள், இத்தனை கிலோமீட்டர் கரை சுத்தமாகிவிட்டது. இதெல்லாம் துப்புரவுக் கணக்கு. சேதக் கணக்கு வேறு கேள்விகளைக் கேட்கிறது. எந்த வளம் அடிபட்டது? எத்தனை பங்கு? பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை ஆண்டு ஆகும்? அதுவரை இழந்ததற்கு ஈடாக எங்கே, எதை, எவ்வளவு உருவாக்கப் போகிறோம்? இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட அள்ளிய டன் பதில் சொல்லாது.

இரண்டும் வேறு வேலைகள் என்றால் அவற்றைச் செய்யும் குழுக்களும் வேறாக இருக்க வேண்டும், இரண்டும் ஒரே மணி நேரத்தில் தொடங்க வேண்டும். எங்கள் முதன்மையான கோரிக்கை இதுதான். துப்புரவு முடியட்டும், பிறகு நிபுணர் குழு அமைத்துச் சேதத்தைப் பார்ப்போம் என்ற வழக்கம், பார்க்க வேண்டியது போன பிறகு பார்க்கப் போவதற்குச் சமம். நீரில் கரைந்த நச்சு சில நாட்களில் நீர்த்துப் போகும். இறந்த பறவையை நரியும் காக்கையும் தின்றுவிடும். மீன்முட்டை எந்தத் தடயமும் விடாது.

துப்புரவுக்காகக் கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து நடந்து பார்க்கும் கணக்கெடுப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. எண்ணெய்ப் பட்டையின் நீளம், அகலம், தடிமன், எத்தனை சதவீதப் பரப்பில் படிந்துள்ளது என்பதை அது பதிவு செய்யும். ஒரு சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சுவடு, 91-க்கு மேல் இருந்தால் தொடர்ச்சி என்று வகைப்படுத்தும். பயனுள்ள தரவுதான். ஆனால் எங்கே ஆள் அனுப்ப வேண்டும், எப்போது நிறுத்தலாம் என்று முடிவெடுக்க உருவானது அது. ஒரு சதுர மீட்டரில் எத்தனை நண்டு வளை காலியாகிவிட்டது என்று அதில் யாரும் எழுதுவதில்லை. அந்தப் படிவங்களை மட்டும் வைத்துச் சேத அறிக்கை எழுதினால், கரை கறுப்பாக இருந்ததை நிரூபிக்கலாம். உயிர் எவ்வளவு போனது என்பதை நிரூபிக்க முடியாது.

முதல் 72 மணி நேரத்தில் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். காற்றும் நீரோட்டமும் எண்ணெயை எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று கணித்தவுடன், அது இன்னும் தொடாத கரைக்குக் குழு முதலில் போக வேண்டும். எண்ணெய் படாத நீர், படிவு (அடியில் படியும் சேறும் மணலும்), சிப்பி, செடிகளின் அடர்த்தி, வளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அங்கே எடுத்து வையுங்கள். எண்ணெய் அங்கே வந்து சேர்ந்தால் 'முன்' என்பதற்கு மறுக்க முடியாத சான்று கிடைத்துவிடும். வராமல் போனால் அந்த இடம் ஒப்பீட்டு இடமாகும். இந்தப் பயணம் எப்படியும் வீண்போகாது. ஆனாலும் முதலில் கைவிடப்படுவது இதுதான், ஏனென்றால் எல்லாப் படகும் எண்ணெய் இருக்கும் பக்கமே போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது மூல எண்ணெய். கப்பல் என்றால் சரக்குத் தொட்டி ஒவ்வொன்றிலும், எரிபொருள் தொட்டியிலும் தனித்தனியாக மாதிரி எடுக்க வேண்டும். குழாய் அல்லது ஆலை என்றால் உடைப்புக்கு அருகில் எடுக்க வேண்டும். பழுப்புக் கண்ணாடிக் குப்பி, டெஃப்ளான் உள்பூச்சுள்ள மூடி, இருட்டு, குளிர்ச்சி. இதைத் தாமதப்படுத்தினால் தொட்டி கழுவப்பட்டுவிடும், அல்லது வேறு சரக்கு ஏறிவிடும். கரையில் கிடப்பது உங்கள் எண்ணெய்தானா என்ற கேள்விக்கு அதன்பிறகு பதில் சொல்ல முடியாது. லேசான கச்சா எண்ணெய் சில நாட்களில் 75 சதவீதம் வரைகூட ஆவியாகக்கூடும். கனமான எண்ணெயில் இது ஏறக்குறைய 10 சதவீதத்தோடு நின்றுவிடும். ஆகவே பத்தாம் நாள் கரையில் அள்ளிய பிசுக்கை மூல எண்ணெய் என்று வைத்துக்கொள்ள முடியாது.

மாதிரியெடுப்பில் பிழை எங்கே வரும் என்று தெரிந்தால்தான் பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பது தெரியும். நீருக்கு ஒரு லிட்டர் பழுப்புக் குப்பி. எளிதில் ஆவியாகும் பென்சீன் வகைகளுக்கு 40 மில்லி சிறு குப்பி, உள்ளே ஒரு காற்றுக் குமிழ்கூட இல்லாமல் நிரப்பியது. படிவுக்கு 250 மில்லி அகலவாய்க் குப்பி, உறையும்போது விரிவடைய மேலே கொஞ்சம் இடம் விட்டு. மீன், சிப்பிக்கு 450 டிகிரி செல்சியஸ் உலையில் நான்கு மணி நேரம் சுட்டெடுத்த அலுமினியத் தாள். பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம். அது ஹைட்ரோகார்பனை உறிஞ்சும், தன்னுடையதையும் கசியவிடும். படிவை அள்ளத் துருப்பிடிக்காத எஃகுக் கரண்டி, ஒவ்வோர் இடத்துக்கும் புதிது அல்லது கரைப்பானில் கழுவியது. பவுடர் தடவாத நைட்ரைல் கையுறை, மாதிரிக்கு ஒரு ஜோடி.

நீர் மாதிரியில் அதிகம் நடக்கும் தவறு, திறந்த குப்பியை எண்ணெய்ப் படலத்தின் வழியாக அமுக்குவது. மேலே மிதக்கும் படலமே குப்பிக்குள் போய்விடும். அளவு பல மடங்கு கூடித் தெரியும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு மாதிரியைக் காட்டி மீதி எல்லாவற்றையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குவார். மூடிய குப்பியை இறக்கி, வேண்டிய ஆழத்தில் திறந்து, அங்கேயே மூடி மேலே கொண்டுவர வேண்டும். படகின் எஞ்சினை நிறுத்தி, காற்று வரும் பக்கமாக முன்புறத்திலிருந்து எடுக்க வேண்டும். எஞ்சின் புகையிலும் டீசலிலும் இருப்பது நீங்கள் தேடும் அதே சேர்மங்கள். மாதிரி எடுப்பவர் வெயிலுக்குப் பூசும் கிரீமும் கொசுவிரட்டியும்கூடப் பகுப்பாய்வைக் குழப்பும்.

இருபது மாதிரிக்கு ஒன்றாவது, அதே இடத்தில் மீண்டும் எடுத்த இரட்டை மாதிரி இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் ஒரு வெற்று மாதிரி இருக்கட்டும்: சுத்த நீரைக் களத்தில் திறந்து, ஊற்றி, மற்றவற்றோடு அனுப்பிவிடுங்கள். அதில் எண்ணெய் தெரிந்தால் உங்கள் கைதான் அழுக்கு. 4 டிகிரியில் வைத்த, அமிலம் சேர்க்காத நீரிலிருந்து எண்ணெய்ச் சேர்மங்களை ஏழு நாட்களுக்குள் பிரித்தெடுத்துவிட வேண்டும். படிவும் திசுவும் கழித்தல் 20 டிகிரியில் உறைய வேண்டும். ஒவ்வொரு குப்பியும் யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போனது என்ற கைமாற்றுப் பதிவில் ஒரு கையெழுத்து விடுபட்டாலும், நீதிமன்றத்தில் அந்தக் குப்பி வெறும் அழுக்குத் தண்ணீர்தான்.

இந்தப் பெட்டி கசிவு நடந்த பிறகு ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குவதல்ல. முத்திரையிட்டு, தயாராக, கரையோரக் கிடங்குகளில் இருக்க வேண்டும்.

ஆய்வகத்திடம் என்ன கேட்பது என்பதில் நடக்கும் குழப்பம் இன்னும் பெரியது. மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் என்ற ஒற்றை எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டு நிம்மதி அடைகிறார்கள். இலைகளின் மெழுகும் அழுகும் உயிர்ப்பொருளும் அந்த எண்ணில் சேர்ந்துவிடக்கூடும், ஆகவே சதுப்பு நிலத்தில் எண்ணெய் இல்லாமலேயே அது உயர்ந்து நிற்கும். இன்னொரு பழக்கம், பல வளைய அரோமாட்டிக் சேர்மங்களில் (பென்சீன் போன்ற வளையங்கள் ஒட்டி அமைந்த நச்சுச் சேர்மங்கள்) வழக்கமான 16-ஐ மட்டும் அளப்பது. கச்சா எண்ணெயில் இந்த வகைச் சேர்மங்களின் பெரும்பகுதி அந்தப் பட்டியலில் இல்லாத ஆல்கைல் கிளை கொண்ட நாப்தலீன், பெனாந்த்ரீன், டைபென்சோதயோபீன் குடும்பங்களில் இருக்கிறது. 16-ஐ மட்டும் அளந்தால் நச்சின் சிறு பங்குதான் கண்ணில் படும். கிளைச் சேர்மங்களையும் சேர்த்துச் சுமார் 50 சேர்மங்களின் பட்டியல் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

கண்டறியும் எல்லையையும் எழுதுங்கள். கச்சா எண்ணெயின் மூவளையச் சேர்மங்கள் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே சூரை போன்ற மீன்களின் கருவில் இதயத்தைக் குலைக்கின்றன என்று 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் நேர்ந்த டீப்வாட்டர் ஹொரைசன் கசிவுக்குப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஆய்வகத்தின் எல்லை லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது 1,000 மைக்ரோகிராம், என்று இருந்தால் அதன் அறிக்கையில் வரும் 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. அந்தச் சொல்லை நம்பி வெளியிட்ட 'நீர் பாதுகாப்பாக உள்ளது' என்ற அறிவிப்புக்கும் அதே கதிதான்.

எண்ணெய் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஹோப்பேன் உதவும். கச்சா எண்ணெயில் உள்ள இந்தச் சேர்மத்தை நுண்ணுயிர்கள் எளிதில் தொடுவதில்லை, அதனால் மற்றவை குறையக் குறைய இதன் விகிதம் ஏறும். மூல எண்ணெயில் ஒரு பெனாந்த்ரீன் வகையை ஹோப்பேனால் வகுத்தால் 6 வருகிறது, கரை மாதிரியில் 1.5 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெனாந்த்ரீனில் 75 சதவீதம் போய்விட்டது. 'கடல் தானே சுத்தம் செய்துவிடும்' என்று யாராவது சொல்லும்போது இந்த விகிதத்தைக் கேளுங்கள். ஓராண்டு கழித்தும் அது 6-க்கு அருகிலேயே இருந்தால் கடல் எதையும் செய்யவில்லை என்று பொருள்.

கசிந்த அளவு பற்றிச் சுருக்கமாக. மாசுபடுத்தியவர் சொல்லும் முதல் எண்ணை அடிப்படையாக எடுக்காதீர்கள். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் முதலில் சொன்னது நாளைக்கு 1,000 பீப்பாய், பிறகு 5,000. அரசின் கடைசி மதிப்பீடு தொடக்க நாட்களில் 62,000, மூடும்போது 53,000. வானிலிருந்து பார்ப்பவர்களிடம் நிறக் குறியீடு இருக்கட்டும். வெள்ளிப் பளபளப்பு 0.04 முதல் 0.3 மைக்ரான், வானவில் நிறம் 5 மைக்ரான் வரை, உலோக நிறம் 50 வரை, எண்ணெயின் சொந்த நிறம் முழுதாகத் தெரிந்தால் 200-க்கு மேல். ஒரு சதுர கிலோமீட்டர் வெள்ளிப் பளபளப்பில் 40 முதல் 300 லிட்டர்தான் இருக்கும். அதே பரப்பு கறுத்துத் தெரிந்தால் குறைந்தது 2 லட்சம் லிட்டர். பரப்பை மட்டும் சொல்லி நிறத்தைச் சொல்லாத வான் அறிக்கை இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

இனி ஒப்பீட்டு நிலை. 'கசிவு நேராதிருந்தால் இந்த இடம் எப்படி இருந்திருக்கும்' என்பதுதான் அளவுகோல். 'முன்பு எப்படி இருந்தது' என்பதல்ல. பருவமழை, வெள்ளம், மீன்பிடித் தடைக்காலம், அருகில் உள்ள வேறு ஆலைகள், எல்லாம் கசிவு இல்லாமலும் மாறியிருக்கும். துறைமுகக் கழிமுகம் ஏற்கெனவே அழுக்கானது என்பது மாசுபடுத்தியவர் முதலில் எடுத்துவைக்கும் வாதம். அதற்குப் பதில் கோபம் அல்ல, எண்ணெயின் கைரேகை. டைபென்சோதயோபீன், பெனாந்த்ரீன் வகைகளின் விகிதங்களைக் கொண்டு பழைய எண்ணெயையும் புதியதையும் பிரிக்கலாம். எரிபுகையிலிருந்து வந்தவற்றில் கிளையில்லாச் சேர்மங்கள் மேலோங்கி நிற்கும். ஏற்கெனவே நலிந்த இடத்துக்குச் சேதமே நேராது என்ற வாதத்தையும் ஏற்காதீர்கள். சேவை என்பது உயிர்களுக்கும் மக்களுக்கும் ஓர் இடம் தரும் பயன்; நூற்றுக்கு 60 பங்கு சேவை தந்துகொண்டிருந்த சதுப்பு 20-க்கு இறங்கினால் இழப்பு 40.

ஒப்பீட்டு இடம் ஒன்று போதாது. எண்ணெய் பட்ட ஒரே விரிகுடாவில் முப்பது குப்பி எடுப்பது முப்பது சான்றாகாது, அது ஓர் இடத்தை முப்பது முறை பார்ப்பது. எத்தனை இடம் வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். கடலடி உயிர்களின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் 60 சதவீதம் ஏறி இறங்குவது சாதாரணம். பாதி அழிந்ததை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க வேண்டுமானால் பாதித்த பக்கம் 23, பாதிக்காத பக்கம் 23 இடங்கள் வேண்டும். ஆறு ஆறு இடங்களோடு நின்றால் ஏறக்குறைய முழுவதும் அழிந்தால்தான் வேறுபாடு உறுதியாகத் தெரியும். அப்படி ஆறு இடம் பார்த்துவிட்டு 'புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்று எழுதும் அறிக்கை, சேதம் இல்லை என்பதைக் காட்டவில்லை. பார்க்கும் திறன் இல்லை என்பதைக் காட்டுகிறது. இனி எந்த அறிக்கையிலும் 'பாதிப்பு இல்லை' என்று வந்தால், எவ்வளவு பாதிப்பைக் கண்டறியும் திறன் அந்த ஆய்வுக்கு இருந்தது என்ற எண்ணையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.

மீன் சதையைச் சோதித்துச் சுத்தம் என்று அறிவிப்பது உணவுப் பாதுகாப்புக்குச் சரி. மீனுக்குச் சேதம் இல்லை என்பதற்கு அது சான்று ஆகாது. மீன் இந்தச் சேர்மங்களைக் கல்லீரலில் உடைத்துப் பித்தத்தில் தள்ளிவிடும், சதையில் தேங்கவிடாது. பித்தத்தில் உள்ள சிதைபொருளைப் பார்த்தால்தான் அது எண்ணெயில் நீந்தியதா என்று தெரியும். சிப்பிகளும் மட்டிகளும் அப்படி உடைக்கும் திறன் குறைந்தவை. அவற்றில் அப்படியே சேரும். ஆகவே எவ்வளவு காலம் எண்ணெய் பட்டது என்று அறிய சிப்பி, மீன் நனைந்ததா என்று அறிய பித்தம்.

ஆய்வகத்தில் 96 மணி நேரத்தில் எத்தனை மீன் செத்தது என்ற சோதனையும் பாதிக் கதைதான். அடைபட்ட அறையின் விளக்கு வெளிச்சத்தில் செய்யும் சோதனைக்குச் சூரியன் கிடையாது. கண்ணாடி போன்ற உடல் கொண்ட இளம் உயிர்களில் படிந்த சேர்மங்கள் புற ஊதாக் கதிர் பட்டால் பத்து மடங்கு, சில நேரம் நூறு மடங்கு நச்சாகின்றன. மேல்நீரில் மிதக்கும் முட்டையும் குஞ்சும் அந்த வெயிலில்தான் வாழ்கின்றன. மேலும், தொட்டியில் எவ்வளவு எண்ணெய் ஊற்றினோம் என்பதைச் செறிவு என்று எழுதுவோரை நிறுத்துங்கள். நீரில் உண்மையில் எவ்வளவு கரைந்திருந்தது என்று அளந்த எண்தான் செறிவு.

பறவைகளின் எண்ணிக்கையில் வரும் குறைமதிப்பு வேறெங்கும் இல்லாத அளவு பெரியது. 1989-இல் அலாஸ்காவில் நேர்ந்த எக்ஸான் வால்டெஸ் கப்பல் கசிவில் கரையிலும் நீரிலும் கிடைத்த பறவை உடல்கள் 30,000-க்கு மேல். இறந்திருக்கும் என மதிப்பிட்டது சுமார் 2.5 லட்சம். இந்தப் பெருக்கம் கற்பனை அல்ல, ஒவ்வொரு படியும் களத்தில் அளக்கக்கூடியது. விளக்கத்துக்கு ஒரு கணக்கு: 200 உடல்கள் கிடைத்தன. தேடுபவர்கள் கண்ணில் படுவது பாதி என்றால் கிடந்தது 400. தேடும் நாள்வரை 40 சதவீதம் மட்டுமே தின்னப்படாமல் மிஞ்சும் என்றால் ஒதுங்கியது 1,000. கரையில் பாதியில்தான் தேடினோம் என்றால் 2,000. கடலில் இறந்தவற்றில் நான்கில் ஒன்றே கரைசேரும் என்றால் 8,000. இதில் அந்தப் பருவத்தில் இயல்பாக இறப்பவற்றைக் கழிக்க வேண்டும். கண்ணில் படும் விகிதத்தை அறிய, தேடுபவருக்குத் தெரியாமல் அடையாளமிட்ட உடல்களைப் போட்டு வைத்து எத்தனையைக் கண்டுபிடிக்கிறார் என்று பாருங்கள். தின்னப்படும் வேகத்தை அறிய அதே உடல்களை நாள்தோறும் போய் எண்ணுங்கள். கரைசேரும் பங்கை அறிய அடையாள வில்லை கட்டிய உடல்களையோ மிதவைகளையோ கடலில் விடுங்கள். கசிவு நடந்த வாரத்திலேயே செய்ய வேண்டிய சோதனைகள் இவை. ஆறு மாதம் கழித்து வேறு பருவத்தில் செய்தால் வேறு எண்தான் வரும்.

துப்புரவே செய்யும் சேதத்தையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். அதே அலாஸ்கா கசிவில் வெந்நீரை அழுத்தத்தோடு பீய்ச்சிக் கழுவிய பாறைக் கரைகளில், கழுவாமல் விட்ட கரைகளில் பிழைத்திருந்த உயிர்களும் செத்தன. அது தெரிந்ததே சில இடங்களை வேண்டுமென்றே கழுவாமல் விட்டு ஒப்பிட்டதால்தான். சதுப்பில் ஆட்கள் நடந்தால் எண்ணெய் மிதிபட்டுக் கீழே, ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குள் போகும். அங்கே போன எண்ணெய் மிக மெதுவாகத்தான் சிதையும். மேலே கிடந்திருந்தால் ஒரு பருவத்தில் போயிருக்கக்கூடியது பல பத்தாண்டுக் கணக்காக மாறும்.

பத்தாண்டுகள் என்பது மிகை அல்ல. 1969 செப்டம்பரில் அமெரிக்காவின் வெஸ்ட் ஃபால்மவுத் அருகே ஃப்ளோரிடா என்ற சரக்குப் படகு தரைதட்டிச் சுமார் 7 லட்சம் லிட்டர் எரிபொருள் கசிந்தது. முப்பது ஆண்டு கழித்தும் சதுப்பின் சேற்றில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் அந்த எண்ணெய் இருந்தது. அங்கே வாழும் நண்டுகள் ஆழமாக வளை தோண்டாமல் திரும்பின, ஆபத்து வந்தால் ஓடுவதிலும் மந்தமாக இருந்தன. எக்ஸான் வால்டெஸ் கசிந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2001-இல், சுமார் 90 கரைகளில் ஆயிரக்கணக்கில் குழி தோண்டிப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்ட கரைகளில் எண்ணெய் தென்பட்டது. அதற்குள் 1991-லேயே 90 கோடி டாலருக்குச் சமரசம் முடிந்திருந்தது. எதிர்பாராத சேதம் தெரிந்தால் 10 கோடி டாலர் வரை மேலும் கேட்கலாம் என்ற பிரிவு அதில் இருந்தது. 2006-இல் 9.2 கோடி கேட்டார்கள், 2015-இல் அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டது. 'எதிர்பாராத' என்ற ஒரு சொல்லை நிரூபிப்பது அவ்வளவு கடினம். டீப்வாட்டர் ஹொரைசன் சமரசத்தில், 2016-இல், இயற்கை வளத்துக்கான 880 கோடி டாலர் வரையிலான தொகைக்குள்ளேயே இன்னும் தெரியாத சேதங்களுக்கென்று 70 கோடி வரை ஒதுக்கி வைத்தார்கள். நீங்கள் எழுதும் ஒப்பந்தத்தில் இரண்டாவது முறையைப் பின்பற்றுங்கள். பணம் முதலிலேயே ஒதுக்கப்பட்டிருக்கட்டும், நிரூபிக்கும் சுமை பின்னால் வர வேண்டாம்.

ஈட்டைப் பணத்தில் தொடங்கி எண்ணுவதை விட்டுவிட்டு, இழந்த பரப்பு, இழந்த ஆண்டு என்று எண்ணத் தொடங்கினால் வாதங்கள் பாதி அடங்கிவிடும். வாழிடச் சமன் கணக்கு என்று இதைச் சொல்லலாம். ஓர் எடுத்துக்காட்டு. 40 ஹெக்டேர் சதுப்பு, முதல் நாள் 80 சதவீதச் சேவை போய்விட்டது, எட்டு ஆண்டில் சீராக மீளும் என்று வையுங்கள். இழப்பு 128 ஹெக்டேர்-ஆண்டு (ஒரு ஹெக்டேர் ஓர் ஆண்டில் தரும் முழுச் சேவை ஒரு ஹெக்டேர்-ஆண்டு). வருங்கால இழப்பை ஆண்டுக்கு 3 சதவீதம் தள்ளுபடி செய்தால் 120. ஈடாக உருவாக்கும் புதிய சதுப்பு மூன்றாம் ஆண்டு தொடங்கி, பத்தாண்டில் 70 சதவீதச் சேவையை எட்டி, மேலும் இருபது ஆண்டு நிலைத்தால், ஒரு ஹெக்டேர் தருவது தள்ளுபடிக்குப் பின் ஏறக்குறைய 10 ஹெக்டேர்-ஆண்டு. ஆகவே 12 ஹெக்டேர் உருவாக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் பேரம் எங்கே நடக்கும் என்று பாருங்கள். மீள எட்டு அல்ல, பதினாறு ஆண்டு ஆகும் என்றால் 12 என்பது 22 ஹெக்டேருக்கு மேல் போகும். வழக்கு இழுத்துத் திட்டம் ஐந்தாண்டு தாமதமானால் 14. புதிய சதுப்பு அந்த 70 சதவீதச் சேவையில் இருபது ஆண்டுக்குப் பதில் பத்தாண்டே நிலைத்தால் 17.5. நட்ட செடிகளில் பாதி சேவைதான் கிடைத்தது என்றால் 24. எண்ணெயின் டன் இதில் எங்குமே வரவில்லை. மீளும் காலம்தான் எல்லாவற்றையும் ஆட்டுகிறது, அதை யூகிப்பவர் யார், எந்தத் தரவை வைத்து யூகிக்கிறார் என்பதில்தான் நீங்கள் கண்ணாக இருக்க வேண்டும். அலையாத்திக் கன்றை நட்ட எண்ணிக்கையை வைத்து வெற்றி அறிவிப்பதும் இதே காரணத்தால் செல்லாது. ஓதமட்டம் பொருந்தாத சேற்றில் நட்ட கன்று மடியும். நீரோட்டத்தைச் சரிசெய்தால் பல இடங்களில் நடாமலேயே காடு வரும்.

மக்கள் கடலைப் பயன்படுத்த முடியாமல் போனதும் வளச் சேதத்தில் சேரும். மெக்சிகோ வளைகுடாவில் பொழுதுபோக்குப் பயன்பாட்டு இழப்பு மட்டும் சுமார் 69 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் மீனவரின் வருமான இழப்பு தனி வழியில் போகும் உரிமைக் கோரிக்கை. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்தால் இரண்டுமே குறையும்.

எண்ணெய்க் கப்பலிலிருந்து கசிந்ததாக இருந்து, 1992 சர்வதேச இழப்பீட்டு ஒப்பந்தங்களின் கீழ் கோரப் போகிறீர்கள் என்றால் விதி கடுமையானது. ஒரு டன்னுக்கு இவ்வளவு, ஒரு கன மீட்டர் மாசுபட்ட நீருக்கு இவ்வளவு என்று சூத்திரம் போட்டுக் கோரினால் ஏற்கமாட்டார்கள். 1979-இல் பால்டிக் கடலில் அன்டோனியோ கிராம்சி கப்பல் கசிந்தபோது சோவியத் ஒன்றியம் அப்படித்தான் கோரியது, அடுத்த ஆண்டே அந்த முறைக்குக் கதவு மூடப்பட்டது. ஏற்பது, உண்மையில் செய்த அல்லது செய்யப் போகும் நியாயமான சீரமைப்புக்கான செலவு, வருமான இழப்பு, தேவையான ஆய்வுகளின் செலவு. சேத மதிப்பீடும் சீரமைப்புத் திட்டமும் ஒரே ஆவணத்தில் வர வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகவும்தான். சேதம் நேர்ந்து மூன்று ஆண்டுக்குள், எப்படியும் சம்பவம் நடந்து ஆறு ஆண்டுக்குள், வழக்குத் தொடுக்காவிட்டால் உரிமையே போய்விடும். இரண்டாம் ஆண்டு முடிவில் குழுவின் பதவிக்காலத்தை நீட்டிக்கொண்டிருப்போர் இதை நினைவில் வைக்கட்டும். எண்ணெய்க் கப்பல் அல்லாத கப்பலின் எரிபொருள் என்றால் 2001-இன் வேறு ஒப்பந்தம், வேறு உச்சவரம்பு. குழாயோ ஆலையோ என்றால் இவை எதுவும் பொருந்தாது, உள்நாட்டுச் சட்டம் மட்டுமே.

மாசுபடுத்தியவரை மதிப்பீட்டில் சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்பதே எங்கள் கருத்து, சிலருக்கு இது பிடிக்காது என்று தெரிந்தே சொல்கிறோம். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே முறையில் இரு தரப்பும் சேர்ந்து மாதிரி எடுத்து ஆளுக்குப் பாதி கொண்டுபோனால், பின்னால் தரவைப் பற்றிய சண்டை மிச்சம். விளக்கத்தைப் பற்றி மட்டும் சண்டை போடலாம். ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. செலவு அவர்களுடையது, முடிவு உங்களுடையது. எந்த மாதிரியும் எந்த முடிவும் அவர்கள் ஒப்புதலுக்காகக் காத்திருக்கக் கூடாது. மூலத் தரவு சரிபார்ப்பு முடிந்தவுடன் பொதுவில் வர வேண்டும், இறுதி அறிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது.

ஆகவே கேட்பது இவை: துப்புரவுத் தளபதிக்குக் கீழ் இல்லாத, தனி நிதியுள்ள மதிப்பீட்டுக் குழுவை இப்போதே, கசிவு எதுவும் இல்லாத நாளில், பெயர் குறித்து அறிவியுங்கள். கிடங்குகளில் பெட்டிகளை வையுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை குப்பிகளின் முத்திரையையும் சான்றிதழையும் சரிபாருங்கள். 50 சேர்மங்களையும் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்குக் கீழான எல்லையில் அளக்கும் ஆய்வகத்தோடு விலையை முன்கூட்டியே பேசி முடியுங்கள். கடற்கரையின் ஒவ்வொரு கழிமுகத்திலும் இரு பருவங்களில் ஒப்பீட்டுத் தரவு எடுத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். மதிப்பீட்டு அறிக்கை எதுவும் அதற்கான சீரமைப்புத் திட்டமும் கண்காணிப்புக் காலமும் இல்லாமல் ஏற்கப்படாது என்று விதியில் எழுதுங்கள். இந்த ஐந்தில் எதைச் செய்ய முடியாது, ஏன் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
கடல் வேதியியல், கடலோரச் சூழலியல், களமாதிரியெடுப்பு ஆகியவற்றில் பணிபுரிவோர்